நம் புளோக்கில் ஆண் கொசு விடுகிறார்கள்: முதலில் நம்மைக் கேட்டிருக்க வேண்டுமா?

மல்லிச்செடி:

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில், டெங்கியைக் குறைக்க வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை விட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகின்றன. லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். படித்தேன், மறந்துவிட்டேன். காலையில் பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றக் கீழே இறங்கும்போது, ஓர் இளைஞர் பிளாஸ்டிக் குப்பியைத் திறந்து தட்டிக்கொண்டே போவதைப் பார்ப்பேன். கொசுக்கள் கிளம்பிச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கும்பகோணத்திலிருந்து மாமியார் வந்த பிறகுதான் இது வீட்டில் பேச்சானது. ஆறாம் மாடித் தாழ்வாரத்தில் மல்லித் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொசு பேட்டைப் படபடவென்று சுழற்றிக்கொண்டிருந்தார். "அத்தை, அடிக்காதீங்க, அது கவர்மென்ட் கொசு" என்றேன். பேட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "கொசுவை வளர்த்துக் கொண்டுவந்து வாசல்ல விடுறவங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டு விட மாட்டாங்களா? எங்க தெருவுல செல்போன் டவர் வைக்கறதுக்கே கூட்டம் போட்டு எவ்வளவு சண்டை நடந்துச்சு!"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒன்பதாம் மாடி அங்கிள் 2022இல் டெங்கி வந்து மருத்துவமனையில் கிடந்தவர். அவரைக் கேட்டால், "இன்னும் நாலு குப்பி சேர்த்து விடச் சொல்" என்கிறார். மூன்றாம் மாடித் தோழி எதுவும் பேசாமல் ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்துவிட்டாள்.

கொசு கடிக்குமா என்று நான் கேட்கவில்லை. ஆண் கொசு கடிக்காது, இதில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை, இரண்டும் தெரியும். எனக்கு ஊசி போடுவதென்றால் என் சம்மதம் வேண்டும், வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம். இது வட்டாரம் முழுவதற்கும் போடுகிற ஊசி மாதிரி. நான் ஒருத்தி வேண்டாம் என்றால் கொசு என் கதவுக்கு வெளியே நின்றுவிடுமா? அப்படியானால் யாரைக் கேட்பது? எத்தனை பேர் வேண்டாம் என்றால் நிறுத்துவது? ஓட்டுப் போட்டு ஆட்சி நடக்கும் மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அத்தை இன்னும் ஒரு மாதம் இங்கேதான் இருக்கிறார்.

கோப்பிஓ:

கேட்டு என்ன ஆகப்போகிறது அக்கா? குழாய்த் தண்ணீரில் 1950களின் கடைசியிலிருந்து ஃபுளோரைடு கலக்கிறார்கள். எந்தப் பாட்டியிடம் வந்து கேட்டார்கள்? டெங்கி என்று சிவப்புப் பதாகை தொங்கினால் புகையடிக்க வருகிறார்கள், ஜன்னலை மூடு என்கிறார்கள், மூடுகிறோம். அந்தப் புகையையே மூக்கால் வாங்கிக்கொண்டவர்கள், கடிக்காத கொசுவுக்கு வாக்கெடுப்பா நடத்தப்போகிறோம்?

பூச்சிக்காரன்:

ஓய்வுபெறும் வரை பூச்சி ஆய்வுக்கூடத்தில்தான் வேலை பார்த்தேன். கொசு முட்டை எண்ணியே கண்ணாடி நம்பர் ஏறியது. அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பிஓ தம்பி கிண்டலுக்குக் கேட்ட வாக்கெடுப்பு உண்மையிலேயே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் கொசு ஒழிப்புக்கென்றே ஒரு வாரியம் உண்டு. அதன் உறுப்பினர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். (கொசுவுக்காகத் தேர்தலில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.) ஆக்ஸிடெக் நிறுவனத்தின் மரபணு மாற்றிய ஆண் கொசுவைச் சோதனைக்கு விடலாமா என்று 2016 நவம்பரில், அதிபர் தேர்தல் நடந்த அதே நாளில், அங்கே கேட்டார்கள். மாவட்டம் முழுவதும் எண்ணியதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சரி என்றார்கள். ஆனால் கொசுவை முதலில் விடுவதாக இருந்த கீ ஹேவனில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். தங்கச்சி, உங்கள் கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. யாருடைய எண்ணிக்கையை எடுத்துக்கொள்வது? வாரியம் கீ ஹேவனைக் கைவிட்டு வேறு தீவுகளைத் தேடியது. அப்புறம் அனுமதி தரும் பொறுப்பு ஓர் அமைப்பிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி, கடைசியில் கொசு வெளியே வந்தது 2021இல். அதற்கு முந்தைய ஆண்டு அதே தீவுகளில் ஒன்றான கீ லார்கோவில் டெங்கி பரவியிருந்தது. கேட்டதற்கு ஆன விலையையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

கேட்காததற்கும் ஒரு விலை உண்டு. 1970களின் தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து டெல்லியில் ஒரு கொசு ஆய்வுப் பிரிவை நடத்தின. பணம் அமெரிக்காவுடையது. ஹரியானாவின் சோனிபட்டில் மலட்டு ஆண் ஏடிஸ் (டெங்கி பரப்பும் இனம்) கொசுக்களை விட எல்லாம் தயாரானது. அதற்குள் பத்திரிகைகளில் சந்தேகம் கிளம்பிவிட்டது: இது உயிரியல் போருக்கான ஒத்திகையா, மஞ்சள் காய்ச்சலைப் பரப்ப வழி பார்க்கிறார்களா என்று. நாடாளுமன்றக் குழு வரை போய், 1975இல் பிரிவையே மூடினார்கள். ஆண் கொசு ஒன்றும் செய்யாது என்பது அன்றைக்கும் உண்மைதான். ஊருக்குச் சொல்லாமல் செய்ததால், சொன்னபோது யாரும் நம்பவில்லை. அதே மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐசிஎம்ஆர்) புதுச்சேரி மையம் வோல்பாக்கியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கிவிட்டதாக 2022இல் அறிவித்தது. வெளியே விட அனுமதிக்குக் காத்திருப்பதாக அப்போது சொன்னார்கள். சோனிபட்டின் நிழல் இன்னும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இனி நம் ஊர். தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016இல் பிராடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட் ஆகிய மூன்று இடங்களில் சிறிய அளவில் தொடங்கியது. கொசுக் கூண்டுக்குள் மக்களையே கையை விடச் சொல்லிக் கடிக்காது என்று காட்டினார்கள். 2019 டிசம்பரில் அங் மோ கியோவில் திறந்த கூடம் வாரத்துக்கு 50 லட்சம் ஆண் கொசுக்கள் வரை உற்பத்தி செய்யும் அளவிலானது. 2026 இறுதிக்குள் சுமார் 8 லட்சம் வீடுகள், அதாவது நாட்டின் குடும்பங்களில் பாதி, இதற்குள் வரவேண்டும் என்பது திட்டம். விட்ட இடங்களில் டெங்கி வாய்ப்பு 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது என்பது அவர்கள் கணக்கு, நான் அதை நம்புகிறேன். தகவல் சொல்வதில் குறை வைக்கவில்லை. ஆனால் சொல்வது வேறு, கேட்பது வேறு. அத்தை சொன்னது நியாயம்.

இன்னொன்று. 2022இல் தொடங்கிய பெரிய ஆய்வில் 8 வட்டாரங்களில் கொசு விட்டார்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு சில வட்டாரங்களில் விடவில்லை. அறிவியலுக்கு அது தேவை. ஆனால் கேட்காமல் விட்டதைப் பற்றிப் பேசுகிறோமே தவிர, விடாமல் விட்ட இடத்தில் இருந்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த ஆண்டு சிங்கப்பூரில் 30,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது.

என்னைக் கேட்டால், சம்மதத்துக்கு ஒரே அளவுகோல் வைக்க முடியாது. ஒரு முறை விட்டால் திரும்ப எடுக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இங்கே விடுவது ஆண்களை மட்டும். வோல்பாக்கியா ஏறிய ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. வோல்பாக்கியா தாய் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பதால், குப்பியை நிறுத்தினால் சில வாரங்களில் அந்த ஆண்கள் தடயமில்லாமல் போய்விடும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் செய்தது வேறு. அங்கே பெண் கொசுவும் சேர்த்து ஊரின் கொசுக் கூட்டத்தையே வோல்பாக்கியா கூட்டமாக மாற்றினார்கள். டெங்கி 77 விழுக்காடு குறைந்ததாக 2021இல் முடிவு வந்தது. மலிவு, ஒரு முறை செய்தால் போதும், ஆனால் திரும்பப் பெறுவது கடினம். மரபணு உந்தல் என்று இன்னும் ஒரு படி மேலே போகிற ஆராய்ச்சியும் நடக்கிறது: ஒரு மரபணுவைக் கிட்டத்தட்ட எல்லா வாரிசுகளுக்கும் போகும்படி செய்து கூட்டம் முழுவதும் பரப்புவது. அது வெளியே வந்தால் எல்லைக் கோட்டைப் பார்த்துத் திரும்பாது. ஆண் கொசுவுக்கு நோட்டீஸ் பலகை போதும் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த உந்தலுக்கு நாடாளுமன்றத் தீர்மானம் ஒன்றே போதாது, மலேசியாவையும் இந்தோனேசியாவையும் கேட்டாக வேண்டும்.

விடுதிக்காரன்:

அண்ணே, நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தேன். ஓட்டு, வாரியம், வாக்கெடுப்பு எல்லாம் சரி. ஓட்டு இல்லாதவனையும் கொசு கடிக்குமே?

நான் கட்டுமான வேலை, வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில் இருக்கிறேன். சைட்டில் மழை விட்டதும் முதல் வேலை தண்ணீர் தேடுவதுதான். கான்வாஸ் மடிப்பு, லிஃப்ட் குழி, கவிழ்க்காமல் விட்ட பெயின்ட் டப்பா, பிளாஸ்டிக் தடுப்பின் அடிப்பொந்து. கொசுப் புழு கிடைத்தால் சைட்டையே நிறுத்திவிடுவார்கள், அன்றைய சம்பளம் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் அறையில் கூட இருந்த தஞ்சாவூர்ப் பையனுக்கு டெங்கி வந்து, எலும்பு வலியில் இரவெல்லாம் சுவரைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கம் குப்பி கொண்டுவந்து விட்டதை நான் பார்த்ததில்லை. "எங்களைக் கேட்காமல் விட்டீர்களே" என்று சண்டை போட எங்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

கோப்பிஓ:

@விடுதிக்காரன் தம்பி, இதற்கு என்னிடம் கிண்டல் இல்லை.

மல்லிச்செடி:

எல்லாருக்கும் நன்றி. பூச்சிக்காரன் அண்ணன் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கீ ஹேவன்காரர்கள் வேண்டாம் என்றதும் வேறு தீவுக்குப் போனார்கள் என்ற இடத்தில், "பாத்தியா, அது கேக்குற லட்சணம்" என்றார். எனக்கும் அது பிடித்தது. ஆனால் அங்கே கடலால் பிரித்த தீவுகள். இங்கே என் புளோக்கை விட்டுவிட்டு எதிர் புளோக்கில் மட்டும் விட முடியுமா? இந்தியாவில் கத்தரிக்காய்க்கு மரபணு மாற்ற விதை வந்தபோது ஜெய்ராம் ரமேஷ் சுற்றுச்சூழல் அமைச்சராக 7 நகரங்களில் கூட்டம் நடத்தி எல்லாருடைய திட்டையும் வாங்கிக்கொண்டு, 2010இல் நிறுத்திவைத்தார். (சென்னை அந்தப் பட்டியலிலேயே இல்லை, அது வேறு வருத்தம்.) விதை வேண்டாதவன் வேறு கத்தரிக்காய் வாங்கிக்கொள்ளலாம். கொசுவுக்கு அந்த வழி இல்லை.

அண்ணன் சொன்ன "திரும்பப் பெறலாம்" என்பதில்தான் எனக்கு இடிக்கிறது. குப்பியை நிறுத்தினால் ஆண் கொசு போய்விடும், சரி. டெங்கியும் பழைய அளவுக்கு வந்துதானே நிற்கும்? அல்லது அதைவிட மோசமாகுமா?

பூச்சிக்காரன்:

மோசமாகலாம். சரியான இடத்தைப் பிடித்தீர்கள்.

சிங்கப்பூரில் 1970களிலிருந்து வீடு வீடாகப் பார்த்துக் கொசுவைக் குறைத்தார்கள். அதன் பலனாக ஒரு தலைமுறையே டெங்கி வராமல் வளர்ந்தது. உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லை. அதனால் கொசு கொஞ்சமாக இருந்தும் பிற்காலத்தில் டெங்கி பெரிதாக வெடித்தது. 2020இல் 35,000 பேருக்கு மேல் வந்தது. இப்போது வோல்பாக்கியாவால் பத்துப் பதினைந்து ஆண்டு காப்பாற்றிவிட்டு, பணம் இல்லை என்று திடீரென நிறுத்தினால், டெங்கியைப் பார்த்திராத பிள்ளைகள் இன்னும் அதிகமாக இருப்பார்கள். கொசுவைத் திரும்பப் பெறலாம். திட்டத்தைத் திரும்பப் பெறுவது அவ்வளவு சுலபமில்லை. வாரந்தோறும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் அதன் பின்னால் இருக்கிற இயந்திரங்கள். ஆண் எது பெண் எது என்று லட்சக்கணக்கில் பிரிப்பது கை வேலை அல்ல. அதற்குக் கூகலின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் கீழ் அப்போது இருந்த வெரிலி நிறுவனத்துடன் சுற்றுப்புற வாரியம் சேர்ந்து வேலை செய்திருக்கிறது. தவறிப்போய்ப் பெண் கொசு கலந்தாலும் அது மலடாக இருக்கட்டும் என்று எக்ஸ்ரே காட்டுவதும் உண்டு. பெண் தப்பித்துப் பெருகிவிட்டால், அந்தக் கூட்டத்திடம் நம் ஆண் கொசுவின் வித்தை பலிக்காது. ஆக, ஒரு நாட்டின் டெங்கிப் பாதுகாப்பு ஒரு பிரிக்கும் இயந்திரத்தை நம்பி நிற்கிறது. அதன் உரிமை யாருடையது, ஒப்பந்தம் முடிந்தால் என்ன என்று நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். எந்த நிலை வந்தால் நிறுத்துவார்கள், அதை யார் முடிவு செய்வார்கள், விடுதிகளுக்கு எப்போது வரும் என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டு போங்கள். "கடிக்குமா" என்று மட்டும் கேட்டால் துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மல்லிச்செடி:

எழுதிவிட்டேன். அத்தையும் வருகிறேன் என்கிறார். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் ஓட்டுரிமை இல்லாதவர் பேசலாமா?

கோப்பிஓ:

பேசலாம் அக்கா. வரிசை எண் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏழு மணிக்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். கொசு பேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.