பழைய மாணவர் சங்க மலருக்கு வரலாறு எழுத வேண்டும், கையில் இருப்பது பற்றுச்சீட்டுக் கோப்பு மட்டும்

புதுச் செயலாளர் (லண்டன்) கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் சங்கத்துக்கு இங்கே ஒரு கிளை இருக்கிறது. பொதுக்கூட்டத்துக்குப் பிந்திப் போன குற்றத்துக்காக இந்த வருடம் என்னைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். நவம்பர் இராப்போசன விருந்துக்கு மலர் வெளியிடுகிறோம். அதில் 12 பக்கத்துக்குக் கிளையின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம்.

பழைய கூட்டக் குறிப்புகள் ஒன்றும் இல்லை. முன்னாள் பொருளாளர் தன் கராஜிலிருந்து ஒரு கோப்பு எடுத்துத் தந்தார். மண்டப வாடகை, சாப்பாட்டு பில், அதிர்ஷ்டலாபச் சீட்டின் அடிக்கட்டைகள், ஊருக்குக் காசு அனுப்பிய வங்கித் துண்டுகள், அவ்வளவுதான். தலைவர்மாரின் பட்டியலும் குழுப்படமும் போட்டால் போதும் என்கிறார் இப்போதைய தலைவர். அதை யார் வாசிப்பார்கள்? எங்கே தேடலாம், எதை எழுதலாம்?

பழைய பெடியன் (ஸ்காபரோ):

தம்பி, தலைவர் பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் போடுங்கள். போடாவிட்டால் மானப் பிரச்சினையாகிவிடும். மற்றப்படி வரலாறு அந்தக் கோப்புக்குள்தான் கிடக்கிறது. நான் இங்கே வேறொரு கல்லூரியின் கிளைக்குக் கனகாலம் பொருளாளராக இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கல்லூரி 1960க்குப் பிறகு எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள். அந்த வருடச் சட்டத்தோடு அரசின் உதவிப் பணம் பெற்றுவந்த தனியார் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. யாழ் இந்து, மத்திய கல்லூரி, ஹாட்லி எல்லாம் அரசிடம் போயின. சென் ஜோன்ஸ், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி போன்றவை தனியாராகவே நின்றன. ஆனால் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கட்டணமும் இல்லாமல் பள்ளிக்கூடத்தையும் நடத்த வேண்டும் என்றால் யாரிடம் போவது? அந்தக் கல்லூரிகளில் பழைய மாணவர் சங்கம் பள்ளிக்கூடத்தின் உயிர்நாடியாகிவிட்டது. அதுவரை அது வருடத்துக்கு ஒரு விருந்து, ஒரு கிரிக்கெட் ஆட்டம், மலாயாவில் வேலை பார்த்துத் திரும்பிய பென்சன்காரர் நாலுபேரின் நன்கொடை என்று ஆறுதலாக ஓடிக்கொண்டிருந்த கழகம்தான். 1904இல் தொடங்கிய மத்திய கல்லூரி - சென் ஜோன்ஸ் ஆட்டத்தைத்தான் இன்றைக்கும் ‘வடக்கின் பெரும் போர்’ என்கிறோம்.

இடையில் ஒன்று. ஆறுமுக நாவலரைத் தங்கள் பழைய மாணவர் என்று மத்திய கல்லூரிக்காரர் பெருமைப்படுவார்கள். உண்மைதான். அங்கே படித்தார், படிப்பித்தார். அது மிஷனரிமாரின் பள்ளிக்கூடம். அப்புறம் அந்த மிஷன் படிப்புக்கு மாற்றாகவே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். எங்கள் சங்கங்களில் பிரிந்து போய்ப் புதிதாக ஒன்று தொடங்குகிற பழக்கத்துக்கு நல்ல முன்னோடி!

சரி, கோப்புக்கு வருவோம். வெளிநாட்டுக் கிளைகளில் பெரும்பாலானவை தமிழருக்கு எதிரான 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களால் வளர்ந்தவை. அந்த முதல் வருடங்களில் ஊருக்கு அனுப்பிய காசு குறைவாகவே இருக்கும். சங்கம் அப்போது எங்களுக்காகத்தான் இருந்தது. வந்திறங்கினவனுக்கு அறை, வேலை, குளிருக்கு ஒரு ஜாக்கெட். அகதி விண்ணப்பத்துக்கு ஆள் இன்னார்தான் என்று காட்ட வேண்டும், பள்ளிக்கூடம் விட்டதற்கான விடுகைப் பத்திரம் ஊரில் கிடக்கும். அதை எடுத்துவர யார் அடுத்ததாக ஊருக்குப் போகிறான் என்று சங்கத்துக்குத்தான் தெரியும். செத்தவீட்டுச் செய்தியும் சங்கத் தொலைபேசி வழியாகவே ஓடும். கல்யாணப் பேச்சும் அங்கேதான் தொடங்கும். விருந்தில் எந்த வகுப்பு எந்த மேசையில் இருந்தது என்ற வரைபடம் கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். பாதிச் சம்பந்தங்கள் அதிலிருந்துதான் வந்தன.

பிறகு 1990 தொடக்கம் 95 வரை பாருங்கள். போரால் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி, சீமெந்து, எரிபொருள் எல்லாம் தடை. கட்டடம் கட்ட வழியில்லாததால் காசு புலமைப்பரிசிலாகவும் ஆசிரியர் உதவியாகவும் போயிருக்கும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதிச் சனம் இடம்பெயர்ந்த நேரம் உங்கள் கிளை என்ன அனுப்பியது, யார் கையில் சேர்ந்தது என்று விசாரியுங்கள். 2002இல் போர்நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்ததும் கணினி, ஆய்வுகூடம் என்று துண்டுகள் கூடும். 2006இல் பாதை மூடினதும் விழும். 2009இல் போர் முடிந்த பிறகு மண்டபம், நுழைவாயில் வளைவு, பெயர்ப்பலகை. வங்கித் துண்டுகளை வருட ஒழுங்கில் மேசையில் பரப்பினால் எங்கள் சனத்தின் 40 வருடம் தெரியும்.

தேட வேண்டிய இடம், 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் இணையச் சேமிப்பு. கல்லூரி மலர்கள், நூற்றாண்டு மலர்கள் நிறையக் கிடக்கின்றன. உங்கள் கல்லூரியோடு நிற்காமல் மற்றக் கல்லூரிகளின் மலர்களையும் புரட்டுங்கள். விளம்பரப் பக்கத்தில் யார் எந்த ஊரில் கடை போட்டான் என்று இருக்கும். பழைய காலத்துக்கு உதயதாரகை, இந்து சாதனம், ஈழநாடு பத்திரிகைகள். 1981இல் யாழ் பொது நூலகத்தோடு ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. ஊரில் இல்லாத பிரதி கொழும்பில் யாரோ ஒரு பென்சன்காரர் வீட்டு அலுமாரியில் இருக்கலாம்.

கல்லூரிக் கீதத்தை முழுசாக அச்சிடுங்கள். இரண்டாம் சரணத்தில் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஆசிரியர்:

அண்ணை சொன்னது சரி. வாங்கின பக்கத்தையும் கேட்டு எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு மூன்று வகுப்புக்காரர் மூன்று நாட்டிலிருந்து ஒரே நேரத்தில் நுழைவாயில் வளைவு கட்டித் தர முன்வந்தார்கள். மாணவர் மலசலகூடத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. அதில் பெயர் பொறிக்க யாருக்கு விருப்பம்? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு அதிபர்தான் தலைவர். அவரிடம் தேவைப் பட்டியல் கேட்டு அனுப்பிய கிளைகளும் உண்டு, கேட்காமல் அனுப்பியவையும் உண்டு. இரண்டையும் எழுதினால்தான் வரலாறு.

பழைய மாணவி (ஹரோ):

நான் படித்தது பெண்கள் பள்ளிக்கூடம், எங்களுக்கும் சங்கம் இருக்கிறது. ஆனால் உங்கள் சங்கத்து விருந்துகளுக்குக் கணவரோடு தொடக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறேன். அந்தக் கோப்பில் சாப்பாட்டு பில் எந்த வருடத்திலிருந்து இருக்கிறது என்று பாருங்கள் தம்பி. அதற்கு முந்தின விருந்துகளுக்கு யார் சமைத்தது? முதல் நாள் இரவு நாலைந்து வீட்டுக் குசினியில் ரோல்ஸ் சுற்றினோம். இடியப்பம் ஒரு வீடு, இறைச்சிக் கறி ஒரு வீடு. மேடையில் நன்றியுரை ஒலிவாங்கிக்காரர் வரைக்கும் போனது. குசினிக்கு வரவில்லை. குழுப்படத்திலும் நாங்கள் இல்லை. அந்தப் பெண்களில் சிலர் இன்னும் இங்கே இருக்கிறார்கள், நினைவும் நன்றாக இருக்கிறது. போய்க் கேளுங்கள்.

புதுச் செயலாளர்:

அக்கா, இப்போதுதான் புரட்டினேன். முதல் சாப்பாட்டு பில் 1996இல். அதற்கு முதல் எட்டு விருந்து நடந்ததற்கு மண்டப வாடகைச் சீட்டு இருக்கிறது, சாப்பாட்டுக்கு ஒன்றும் இல்லை. வருகிற சனிக்கிழமை வரலாமா? தொலைபேசி எண்ணைத் தனிமடலில் அனுப்புங்கள்.

அண்ணை, இன்னொன்று. எங்கள் கிளையும் ஒருமுறை இரண்டாக உடைந்து பிறகு சேர்ந்ததாம். சங்கத்தின் யாப்பில் (விதிமுறையில்) ஒரு வரி மாற்றப் போய் வந்த சண்டை. அதை எழுதலாமா?

பழைய பெடியன்:

எழுதுங்கள். வருடமும் காரணமும் போதும், பெயர் வேண்டாம். பெயர் எல்லாருக்கும் தெரியும். ஆனால் முதலில் இரண்டு பக்கத்துக்காரரிடமும் மலருக்கு விளம்பரம் வாங்கிக் காசைக் கையில் எடுத்துவிடுங்கள். கட்டுரையை அதற்குப் பிறகு காட்டலாம்.