இசைப்பெட்டி இறுகிவிட்டது: திறப்பும் திரும்பவில்லை, மூடியும் முழுதாகத் திறக்கவில்லை

உப்புவெளி எழுதியது:

வணக்கம். திரைப்படங்களில் வரும் பொருட்களின் மாதிரிகளைச் சேகரித்து வருகிறேன். அவற்றில் எனக்கு மிகவும் பிரியமானது, 2006இல் வெளிவந்த ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’ இரண்டாம் பாகத்தில் டேவி ஜோன்ஸ் என்னும் கப்பல் தலைவன் வைத்திருக்கும் இதய வடிவ இசைப்பெட்டியின் மாதிரி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பழம்பித்தளை நிறப் பூச்சு. பின்புறத்தில் சிறிய திறப்பு (சாவி) ஒன்று இருக்கிறது. அதை முறுக்கிவிட்டு மூடியைத் திறந்தால் இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மரின் அந்த மெட்டு ஒலிக்கும், மூடினால் நின்றுவிடும்.

இப்போது அது ஒலிப்பதில்லை. திறப்பைத் திருப்பினால் அசையவே இல்லை. மூடி பாதி தூரம் வந்ததும் இறுகி நிற்கிறது. சற்று அழுத்திப் பிடித்தபோது இரண்டு மூன்று சுரங்கள் கேட்டன. கையை எடுத்ததும் அவையும் நின்றுவிட்டன. மூடியைப் பெட்டியோடு இணைக்கும் பிணைச்சலின் ஓரத்தில் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறது. எங்கள் வீடு கடற்கரைக்கு மிக அருகில். வாடைக்காற்றுக் காலம் முழுவதும் பெட்டி முன்னறை அலுமாரியில்தான் இருந்தது.

நகரில் ஒரு கடையில் காட்டினேன். அளவுக்கு மேல் முறுக்கியதால் வில் (ஸ்பிரிங்) இறுகிவிட்டது, உள்ளே இருப்பதை எறிந்துவிட்டு வேறு இசைப்பொறி போட வேண்டும் என்றார்கள். வேறு பொறி போட்டால் வேறு பாட்டுத்தான் வரும். எனக்கு வேண்டியது இந்த மெட்டு. வில் உண்மையிலேயே இறுகிவிட்டதா? இதைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளி எழுதியது:

அக்கா, எங்கள் வீட்டில் யன்னல் பிணைச்சல்கள் உப்புக்காற்றில் இறுகும்போது தேங்காய் எண்ணெய் விடுவோம், இளகிவிடும். மூடிக்கும் திறப்புக்கும் சில துளிகள் விட்டு ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கடைகளில் விற்கும் துரு நீக்கும் ஸ்பிரேயும் உதவக்கூடும்.

மணிக்கூட்டுத் திருத்துநர் எழுதியது:

பிள்ளை, எண்ணெய், ஸ்பிரே எதையும் இப்போது விட வேண்டாம். தம்பி நல்ல மனதோடு சொல்கிறார். யன்னலுக்கு அது சரி. ஆனால் தேங்காய் எண்ணெய் நாளடைவில் கெட்டு, தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்துவிடும். நுண்ணிய அச்சுகளில் அது புகுந்தால், இன்று இளகுவது சில மாதத்தில் முன்னைவிட மோசமாக இறுகும். ஸ்பிரேயோ தேவையான இடத்தோடு நிற்காது. உள்ளே சுரம் எழுப்பும் சீப்பின் பற்களிலும் உருளையிலும் படர்ந்து தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்தது, வில். அளவுக்கு மேல் முறுக்கியதால் இறுகிவிட்டது என்று மணிக்கூட்டுக்கும் சொல்வார்கள், இசைப்பெட்டிக்கும் சொல்வார்கள். நான் ஏற்பதில்லை. முழுதாக முறுக்கிய வில்லுக்கு மேலும் திரும்ப இடமில்லை, ஆகவே திறப்பு நிற்கிறது. வில் செய்ய வேண்டியதும் அதுதான். அப்படி முறுகிய வில் அவிழாமல் நின்றால், வழியில் வேறு ஏதோ ஒன்று அதை மறித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வில் அறுந்திருந்தால் திறப்பு எதிர்ப்பே இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். உங்களுடையது திரும்பவில்லை, அழுத்தினால் சுரமும் வருகிறது. ஆகவே வில் உயிரோடு இருக்கிறது, தன் முழுப் பலத்தோடு காத்திருக்கிறது. மறிப்பது எது என்று கண்டுபிடித்தால் போதும்.

பொறி வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். இத்தகைய சிறிய பெட்டிகளில் பெரும்பாலும் 18 பற்கள் கொண்ட உருக்குச் சீப்பு இருக்கும். பக்கத்தில் முட்கள் பதித்த உருளை. வில் உருளையைச் சுற்றும், முட்கள் சீப்பின் பற்களை மீட்டும். வில்லை அப்படியே விட்டால் பாட்டு முழுவதும் கண் இமைக்கும் நேரத்தில் ஓடி முடிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் பற்சில்லுகள் வழியாக மிக வேகமாகச் சுழலும் ஒரு சிறு விசிறி இருக்கிறது. அது காற்றை எதிர்த்துச் சுழன்று வேகத்தை மட்டுப்படுத்துகிறது. மூடியை மூடும்போது ஒரு மெல்லிய கம்பி வந்து அந்த விசிறியை மறிக்கும், திறக்கும்போது விலகும். பாட்டு தொடங்குவதும் நிற்பதும் அந்தக் கம்பியால்தான்.

இப்போது ஓர் எச்சரிக்கை. விசிறி இருக்கும் பகுதியைச் சட்டத்தோடு பிணைக்கும் திருகாணிகளை, வில் முறுகியிருக்கும்போது எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். கழற்றிய நொடியில் உருளை கட்டற்றுச் சுழலும். முட்கள் வளையும், சீப்பின் பற்கள் ஒடியும். ஒடிந்த பல்லுக்கு மாற்றுப் பல் இந்தத் தீவில் எங்கும் கிடைக்காது. நல்ல பெட்டிகள் இப்படித்தான் அழிகின்றன, பெரும்பாலும் உதவ வந்த கைகளால். திறப்பை எதிர்ப்பக்கம் திருகி வில்லைத் தளர்த்தலாம் என்றும் நினைக்க வேண்டாம். இந்த வகைப் பொறிகளில் பெரும்பாலானவற்றில் அப்படித் திருகினால் திறப்புத்தான் கழன்று கையில் வரும், வில் தளராது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூடியை இயல்பாகத் திறக்கும் அளவுக்கே திறந்து வைத்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். கம்பி விசிறியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, விலகி இருக்கிறதா? விலகி இருந்தால், பல்குத்தும் குச்சியின் நுனியால் விசிறியை மெல்லத் தட்டிப் பாருங்கள். உலோகத்தால் தொட வேண்டாம். கண்டதை எழுதுங்கள், அதன்பின் மேலே போவோம்.

உப்புவெளி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. வில் உயிரோடு இருக்கிறது என்று படித்ததும் பெரிய நிம்மதி. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். மூடி நிற்கும் அந்தப் பாதி நிலையில் கம்பியின் நுனி விசிறியின் இறக்கையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. மூடியின் அடியில் ஒரு சிறு நெம்பு இருக்கிறது, மூடி மேலும் எழுந்தால்தான் அது கம்பியை இழுக்கும் என்று தோன்றுகிறது. விசிறியைத் தொடவில்லை. அப்படியானால் குறை மூடியின் பிணைச்சலில்தானா?

மணிக்கூட்டுத் திருத்துநர் எழுதியது:

ஆம் பிள்ளை, சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். இசைப்பொறியில் பெரிய குறை இருக்காது. பிணைச்சல் இறுகியதால் மூடி எழவில்லை, அதனால் நெம்பு கம்பியை இழுக்கவில்லை, விசிறி மறிபட்டு நிற்கிறது. அழுத்தியபோது கேட்ட இரண்டு மூன்று சுரங்களுக்கும் இதுதான் காரணம். கம்பியை மட்டும் வளைத்து விலக்கிவிடலாம் என்று ஆசை வரும். வளைக்காதீர்கள், பிறகு மூடினாலும் பாட்டு நிற்காது. பிணைச்சலைச் சரிசெய்யுங்கள்.

அந்த வெள்ளைத் தூளைப் பற்றி உலோகம் அறிந்தவர்கள் சொன்னால் நல்லது. பூச்சுப் பூசிய வார்ப்புகள் என் கைக்கு அதிகம் வந்ததில்லை.

மட்டக்களப்பு மாதிரிகள் எழுதியது:

நானும் இப்படிப்பட்ட மாதிரிகளைச் சேகரிப்பவன். மட்டக்களப்பிலும் அதே கடல், அதே காற்று. ஆகவே இந்த வெள்ளைத் தூள் எனக்கு நன்கு பழக்கம். மாதிரிகளில் பல பார்வைக்குப் பித்தளையாகத் தோன்றினாலும் துத்தநாகக் கலப்புலோகத்தில் வார்க்கப்பட்டு மேலே மெல்லிய முலாமோ பூச்சோ பூசப்பட்டவை. பிணைச்சலுக்குள் போகும் ஊசியோ பெரும்பாலும் உருக்கு. துத்தநாகமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு கலந்த ஈரம் சேர்ந்தால் துத்தநாகம்தான் முதலில் அரிபடும். அரிபட்டதும் வெள்ளைத் தூளாக மாறி, முன்பிருந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஊசி துளைக்குள் நெருக்குண்டு இறுகுவது அதனால்தான். எந்த உற்பத்தியாளர் செய்தாலும் எங்கள் கரையில் இது நடக்கும்.

சகோதரி, ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியோ எலுமிச்சையோ போட்டு விளக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. இதற்கு அது நஞ்சு. புளிப்பு துத்தநாகத்தைத் தின்றுவிடும், பூச்சையும் உரித்துவிடும். மருந்துக்கடை ஸ்பிரிட்டும் சில பூச்சுகளைக் கரைக்கும், ஆகவே கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் வேண்டாம்.

நான் செய்யும் முறை இது. முதலில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைப்பேன். பொறிக்கும் பிணைச்சலுக்கும் நடுவே ஒரு தடித்த காகிதத்தைச் செருகுவேன், தூள் உள்ளே விழாமலிருக்க. பெட்டியைப் பிணைச்சல் கீழே வரும்படி சாய்த்துப் பிடித்து, காய்ந்த மென்மையான பல்துலக்கியாலும் மரக்குச்சியாலும் தூளை வெளிப்பக்கமாகத் தட்டி எடுப்பேன். அதன்பின் தையல் மெஷின் எண்ணெயை ஒரு தையல் ஊசியின் முனையில் தொட்டு, பிணைச்சல் ஊசியின் இரு முனைகளிலும் வைப்பேன். நல்ல எண்ணெயானாலும் துளியாகச் சொட்ட விடுவதில்லை. பிறகு மூடியை இறுகும் எல்லைவரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டும். எல்லையைத் தாண்டித் தள்ளக்கூடாது. மெல்ல மெல்ல எல்லை தானாக நகரும். கறுப்பாகவோ சாம்பலாகவோ கசடு வெளிவரும், பஞ்சால் துடைத்து மீண்டும் சிறிது எண்ணெய். அவசரம் வேண்டாம். இந்த வார்ப்பு வளையாது, உடைந்துவிடும். பிணைச்சல் காது ஒடிந்தால் ஒட்டினாலும் நிற்காது.

ஊசியைத் தட்டிக் கழற்றச் சிலர் சொல்வார்கள். இறுகிய ஊசியைத் தட்டும்போது அடி முழுவதும் வார்ப்பின் மீதுதான் விழும். நான் அதற்கு உடன்படமாட்டேன்.

நிலாவெளி எழுதியது:

தேங்காய் எண்ணெய் பற்றித் திருத்திச் சொன்னதற்கு நன்றி ஐயா. என்னிடமும் மூடி உள்ள ஒரு திசைகாட்டி மாதிரி இருக்கிறது, அதற்கும் இதே முறையைப் பின்பற்றலாமா?

மட்டக்களப்பு மாதிரிகள் எழுதியது:

தம்பி, மூடிக்கு இதே முறைதான். ஆனால் திசைகாட்டியின் ஊசி நிற்கும் முனைக்கு எண்ணெயே போகக்கூடாது. அது உலர்ந்த முனையில் சுழல வேண்டியது.

உப்புவெளி எழுதியது:

மூடி திறந்துவிட்டது! எல்லை நகரும் என்று எழுதியிருந்தீர்களே, அப்படியே நகர்ந்தது. கசடு வந்துகொண்டே இருந்தது, கை கடுத்தது, ஆனால் தள்ளவில்லை. முழுதாக எழுந்த கணத்தில் நெம்பு கம்பியை இழுத்தது, பாட்டுத் தொடங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். இந்த மெட்டுக்காகத்தான் இந்தப் பெட்டியை நான் நேசித்தேன். உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டு விடயங்கள் மீதி இருக்கின்றன. பாட்டு சில இடங்களில் இழுபட்டு மெதுவாகிப் பிறகு சரியாகிறது. தடித்த சுரம் ஒன்று ஒலிக்கும்போது கூடவே ஓர் இரைச்சலும் வருகிறது. உள்ளூரில் மணிக்கூடு திருத்தும் ஒருவரிடம் கொடுக்கட்டுமா, அல்லது இசைக்கருவி தெரிந்தவரிடமா?

மணிக்கூட்டுத் திருத்துநர் எழுதியது:

கேட்க மிகவும் சந்தோஷம் பிள்ளை. பொறுமை எல்லோருக்கும் வராது.

யாரிடமாவது கொடுப்பதானால் மணிக்கூடு திருத்துபவரிடமே கொடுங்கள். இந்தச் சீப்பு முறைக்கே மூலவர் ஒரு மணிக்கூட்டுக்காரர்தான். 1796இல் ஜெனீவாவில் ஆந்துவான் ஃபாவ்ர் என்பவர் மணிகளுக்குப் பதிலாக உருக்குப் பற்களை மீட்டி இசை எழுப்பிக் காட்டினார். எங்கள் தொழிலின் பிள்ளை அது. ஆனால் நீங்கள் சொல்லும் குறைக்கு இப்போது கொடுக்கத் தேவையில்லை.

இழுபடுவது பெரும்பாலும் விசிறியின் அச்சில் பழைய எண்ணெய் தடித்திருப்பதால். முதலில் பாட்டை முழுதாக ஓடி முடிய விடுங்கள். வில் அவிழ்ந்து, உருளை தானாக நின்ற பிறகே கை வையுங்கள். நின்றதும் விசிறித் தண்டின் மேல்முனை, கீழ்முனை இரண்டையும் மரக்குச்சியில் சுற்றிய மிகச் சிறிய பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். அது பொறியின் உட்பக்கம், வெளிப்பூச்சில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்ததும் மணிக்கூட்டு எண்ணெய், கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனை அளவு மட்டும். விசிறியின் இறக்கைகளுக்கும் சீப்புக்கும் உருளைக்கும் எண்ணெய் கூடாது. சிறிதளவு முறுக்கி ஓட்டிப் பாருங்கள். சீராக வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

இரைச்சல் வேறு விடயம். தடித்த சுரப் பற்களின் அடியில், அதிர்வை அடக்க ஒரு மெல்லிய துண்டு ஒட்டியிருக்கும். அது கழன்றால், அதிர்ந்துகொண்டிருக்கும் பல்லை அடுத்த முள் தொடும்போது அந்த ஒலி எழும். திருத்தலாம், ஆனால் சீப்பைக் கழற்ற வேண்டும். கழற்றிய சீப்பைத் திரும்பப் பழைய இடத்தில் மயிரிழை பிசகாமல் பொருத்துவது, பழகிய கைக்கே சோதனை. ஒரு சுரத்துக்காக மற்றப் பதினேழையும் பணயம் வைக்க நான் சொல்லமாட்டேன். உங்கள் பெட்டி, முடிவு உங்களுடையது.

உப்புவெளி எழுதியது:

சீப்பைத் தொடமாட்டேன் ஐயா. விசிறி அச்சைத் துடைத்து எண்ணெய் வைத்தாயிற்று, இப்போது மெட்டு தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சீராகப் போகிறது. இரைச்சல் இருக்கட்டும், பழகிக்கொள்கிறேன். மழைக்காலம் வருவதற்குள் பெட்டியை எங்கே வைப்பது என்று மட்டும் சொல்லுங்கள். காற்றுப் புகாத பெட்டியா, அலுமாரியா?

மட்டக்களப்பு மாதிரிகள் எழுதியது:

இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியே நல்லது, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள் வையுங்கள். நிறம் மாறும் மணிகள் கிடைத்தால் இன்னும் வசதி, ஈரம் ஏறியதைக் கண்ணால் பார்த்து மாற்றலாம். பெட்டிக்குள் வைப்பதற்கு மழை இல்லாத, வெயில் ஏறிய பகலைத் தேர்ந்தெடுங்கள். ஈரமான நாளில் மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுவீர்கள். வெறும் கையால் தொட்டால் வியர்வையின் உப்பும் படியும், பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள். கடலைப் பார்த்த சுவரில் உள்ள அலுமாரி வேண்டாம்.

மணிக்கூட்டுத் திருத்துநர் எழுதியது:

அதோடு, வைப்பதற்கு முன் பாட்டை ஓடி முடிய விடுங்கள், வில் அவிழ்ந்த நிலையில் இருக்கட்டும். மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து, சிறிது முறுக்கி, மூடியை முழுதாகத் திறந்து ஒரு தடவை ஓட விடுங்கள். பிணைச்சலுக்கும் அது நல்லது, விசிறிக்கும் நல்லது. மூடி எப்போதாவது சற்று இறுகுவதாகத் தோன்றினால் அன்றே துலக்கியை எடுங்கள், அடுத்த மாதம்வரை விட வேண்டாம்.