மகளுக்குப் பெயர் எழுதப் பழக்குவது எப்படி? கொம்பு பின்னால் போகிறது

கிளிநொச்சி அம்மா:
மகளுக்கு நாலரை வயது, வருகிற ஜனவரியில் தரம் 1. பெயர் தேனுஜா. போன விஜயதசமிக்குக் கோயிலில் ஏடு தொடக்கினோம், ஐயர் விரலைப் பிடித்து அரிசியில் அ எழுதுவித்தார், அன்றிலிருந்து அம்மம்மா விடுவதாயில்லை, பின்னேரமானால் கொப்பியும் கையுமாக இருத்திவிடுகிறா. பிள்ளை முதலில் த போட்டுவிட்டு அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பைப் போடுகிறாள், வாசித்தால் 'தனே' என்று வருகிறது. ஜா அடியோடு சரிவரவில்லை. இப்போது பென்சிலைக் கண்டாலே வயிறு நோகுது என்று தொடங்கிவிடுகிறாள். பள்ளிக்கூடம் போக முன்னம் பெயர் எழுதத் தெரிந்தே ஆகவேண்டுமா?

முல்லைத்தீவு முன்பள்ளி ரீச்சர்:
கட்டாயமில்லை. அனுமதிக்குப் பார்ப்பது ஜனவரி 31இல் 5 வயது நிறைந்துவிட்டதா என்பதைத்தான். தன் பெயரைக் கண்டு பிடிக்கத் தெரிந்தால் போதும், கொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் மாறாது.

கொம்புக்குப் பிள்ளையை ஏசவேண்டாம். காதுக்கு முதலில் கேட்பது த், அதன் பிறகுதான் ஏ. எழுதும்போது நாங்கள்தான் மாற்றிப் போடுகிறோம், அவள் கேட்டபடி எழுதுகிறாள். அதனால் தே என்பதைக் கொம்பு வேறு, த வேறு என்று பிரிக்காமல் ஒரே எழுத்தாகக் காட்டுங்கோ. தே, னு, ஜா என்று மூன்று மட்டை வெட்டி, கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கோ. அது வரும்வரை பென்சில் வேண்டாம்.

விரலில் பலம் இல்லாமலும் எழுத்து வராது. முருங்கையிலை ஆய விடுங்கோ. முறிகண்டியில் வாங்குகிற கச்சானை நீங்கள் உடைத்துத் தீத்தாமல் அவளிடமே கொடுங்கோ, பென்சில் பிடிக்கிறதும் அதே விரல்களால்தானே.

நெடுங்கேணி அப்பா:
நான் புள்ளிக்கோடு போட்டுக் கொடுத்துத்தான் மகனைப் பழக்கினேன், கெதியில் வந்துவிட்டது. ரீச்சர் சொல்வது சரி, ஆனால் வயலால் வந்து மட்டை வெட்ட எங்களுக்கு எங்கே நேரம்?

முல்லைத்தீவு முன்பள்ளி ரீச்சர்:
புள்ளிக்கோட்டில் ஒரு வில்லங்கம் இருக்கிறது அண்ணா. பிள்ளை எழுத்தைப் பார்க்காது, அடுத்த புள்ளியைத்தான் பார்க்கும். ஜாவைக் கீழேயிருந்து மேலே இழுத்தாலும் புள்ளி சேர்ந்துவிடும், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. மட்டை வெட்ட நேரமில்லாவிட்டால் முற்றத்து மணலில் பெரிதாக எழுதி, தொடங்குகிற இடத்தில் ஒரு புளியங்கொட்டை வைத்து, அதிலிருந்து விரலால் போகவிடுங்கோ.

வவுனியா அன்ரி:
முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். எங்கள் பெறாமகளுக்கு வீட்டில் ஜா என்று பழக்கினார்கள், பள்ளிக்கூட இடாப்பில் யா என்று இருந்தது, நான் எழுதினது பிழையா என்று பிள்ளை ஒரே அழுகை. தலைப்பெழுத்தை இப்போது தொடவே வேண்டாம். அம்மம்மாவின் கொப்பியையும் பறிக்காதீர்கள், பாவம். வெண்கட்டி வாங்கிக் கொடுத்தால் இருவருமாக விறாந்தையில் எழுதட்டும், பெரிதாக எழுதலாம், அழிக்கலாம்.

கிளிநொச்சி அம்மா:
சான்றிதழிலும் ஜாதான், நல்ல காலம். பால்மாப் பெட்டியில் மட்டையும் வெட்டியாச்சு. இன்னொன்று, அவள் இடக்கையால்தான் பிடிக்கிறாள், அம்மம்மா மாற்றச் சொல்கிறா. மாற்றவா?

முல்லைத்தீவு முன்பள்ளி ரீச்சர்:
மாற்றவே வேண்டாம். கொப்பியின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் சரித்து வையுங்கோ, எழுதினதைக் கை மறைக்காது. ஜ சில நேரம் திரும்பி விழும், இந்த வயதில் வலக்கைப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.