வெனிசுவேலா அரெப்பாக் கடையில் எதைக் கேட்டு வாங்குவது?

கேட்டவர்: காரைக்குடி இல்லத்தரசி

அனைவருக்கும் வணக்கம். என் மகன் அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்து டோரால் நகரில் வேலை பார்க்கிறான். வருகிற மாதம் நானும் என் கணவரும் 74 வயதான என் மாமியாரும் அங்கே சென்று ஆறு வாரம் தங்கவிருக்கிறோம். அவன் குடியிருக்கும் தெருமுனையில் வெனிசுவேலா நாட்டுக்காரர்கள் நடத்தும் சிறிய உணவுக்கடை ஒன்று இருப்பதாகவும், பெரும்பாலான இரவுகளில் அங்கேதான் சாப்பிடுவதாகவும், எங்களை முதல் நாளே அழைத்துச் செல்லப் போவதாகவும் ஆசையோடு சொல்கிறான். பிள்ளை அன்றாடம் எதைச் சாப்பிட்டு வயிறு நிறைகிறான் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி புழங்குவதில்லை. நானும் கணவரும் கோழி, மீன் சாப்பிடுவோம். மாமியார் முழுச் சைவம், முட்டையும் தொடமாட்டார். மகனைக் கேட்டால், "நான் பார்த்துக்கொள்கிறேன் ஆத்தா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். அங்கே எதை வாங்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும், காரம் எப்படி இருக்கும், கையால் சாப்பிட்டால் தவறாக எண்ணுவார்களா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: தேவகோட்டையான்

ஆச்சி, வணக்கம். நான் மியாமியில் நான்கு ஆண்டுகள் இருந்தவன். டோராலில் வெனிசுவேலா மக்கள் மிகுதியாக வாழ்வதால், அரெப்பா என்ற மக்காச்சோள ரொட்டியைச் சாப்பிடுவதற்காகவே வாரம் ஒருமுறை அங்கே போய்விடுவேன்.

கையால் சாப்பிடுவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். அரெப்பாவைக் காகிதத்தில் சுற்றித்தான் கொடுப்பார்கள். எல்லோரும் கையில் பிடித்துக் கடித்துத்தான் சாப்பிடுவார்கள். வெள்ளை மக்காச்சோள மாவில் தண்ணீரும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தடிமனாகத் தட்டி, 'புதாரே' என்ற தட்டைக் கல்லில் இருபுறமும் சுடுவார்கள். நான் வழக்கமாகப் போகும் கடையில் அடுப்பருகே நிற்கும் அம்மையார் ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தட்டிப் பார்ப்பார். உள்ளே கூடு போல ஓசை கேட்டால்தான் கல்லிலிருந்து எடுப்பார். பிறகு விளிம்பில் கத்தியால் கீறிப் பை போலத் திறப்பார். குப்பென்று ஆவி வரும். அந்தச் சூட்டிலேயே உள்ளே நிரப்பிக் கொடுப்பார்.

உள்ளே நிரப்புவதில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். 'கார்னே' என்றால் அங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். 'பபெயோன்' என்பதில் நார்நாராகப் பிய்த்த மாட்டிறைச்சியோடு கறுப்பு பீன்ஸும் வறுத்த வாழைப்பழமும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் இருக்கும். 'பெலூவா' என்பதும் மாட்டிறைச்சிதான். உங்கள் இருவருக்கும் 'ரெய்னா பெபியாதா' பொருத்தமாக இருக்கும்: கோழியும் வெண்ணெய்ப்பழமும் மயோனைசும் கலந்தது. 1955-இல் உலக அழகிப் பட்டம் வென்ற வெனிசுவேலாவின் சுசானா துய்ஹ்ம் அவர்களைச் சிறப்பித்து இந்தப் பெயரை வைத்தார்கள்.

மீன் சாப்பிடுவீர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். 'கசோன்' என்று பெயர் போட்ட எம்பனாதா கிடைத்தால் விடாதீர்கள். சிறு சுறாவை வேகவைத்து உதிர்த்து, வெங்காயத்தோடு வதக்கி, மக்காச்சோள மாவுக்குள் வைத்து மடித்து எண்ணெயில் பொரித்தது. முதல் கடியிலேயே நம் ஊர்ச் சுறாப்புட்டு நினைவுக்கு வந்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சோம்பும் பச்சை மிளகாயும்தான் இல்லை.

அவர்கள் சமையலில் காரம் குறைவு. பார்வைக்குக் காரமிளகாய் போலிருக்கும் 'அஹி துல்சே' உண்மையில் காரமே இல்லாதது, மணத்துக்காகச் சேர்ப்பது. மேசையில் இருக்கும் பச்சைச் சாறு, வெண்ணெய்ப்பழமும் கொத்தமல்லியும் அரைத்த 'குவாசகாக்கா'. ஒவ்வொரு கடிக்கும் கொஞ்சம் விட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். காரம் வேண்டுமென்றால் 'பிகாந்தே' என்று தனியாகக் கேளுங்கள்.

பதில்: பள்ளத்தூர் அடுப்படி

அண்ணன் சொன்னதோடு, மாமியாருக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். 'கார்னே வேண்டாம்' என்று மட்டும் சொன்னால், பன்றித் தொடையோ கோழியோ வைத்துக் கொடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. ஆகவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுக்கச் சொல்லுங்கள். 'தோமினோ' என்ற அரெப்பாவில் கறுப்பு பீன்ஸும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும்தான் இருக்கும். ஆனால் பீன்ஸைப் பன்றிக் கொழுப்போடு சமைப்பவர்களும் உள்ளனர். பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் பயன்படுத்துவதும் உண்டு. பசுஞ்சோளத்தை அரைத்து அடை போல வார்க்கும் 'கச்சாப்பா'விலும், பாலாடைக்கட்டியை மாவில் சுற்றிப் பொரிக்கும் 'தெக்கேன்யோ'விலும் முட்டை சேர்ந்திருக்கலாம். என் கருத்தில், வெறும் அரெப்பாவுக்குள் வெண்ணெய்ப்பழத் துண்டுகளும் வறுத்த வாழைப்பழமும் வைத்துத் தரச் சொல்வதே பெரியவருக்கு உகந்தது. குடிக்க 'பப்பெலோன் கோன் லிமோன்' வாங்கிக் கொடுங்கள். அது வெல்லத்தைக் கரைத்து எலுமிச்சை பிழிந்தது. சுக்கும் ஏலமும் இல்லாத நம் பானகமேதான்.

சமைக்க ஆசைப்படுவோருக்கு ஒரு செய்தி. நான் இங்கே கடையில் விற்கும் சாதாரண மக்காச்சோள மாவை வாங்கிப் பிசைந்து மூன்று முறை தோற்றேன். தட்டும்போதே விளிம்பெல்லாம் விண்டு போயிற்று. அரெப்பா மாவு, சோளத்தை முன்கூட்டியே வேகவைத்து உலர்த்தி அரைத்தது. அதனால்தான் வெந்நீர் இல்லாமலே பிடித்தம் வருகிறது. பழைய நாளில் அவர்களும் சோளத்தை உரலில் குத்தி உமி நீக்கி, வேகவைத்து, அரைத்துத்தான் சுட்டார்கள். 1960-இல் 'பான்' என்ற பெயரில் வெந்த மாவு விற்பனைக்கு வந்த பிறகே வீட்டுப் பெண்களுக்கு அந்த உழைப்பு குறைந்தது. ஊர் திரும்பும்போது ஒரு பொட்டலம் வாங்கி வாருங்கள்.

கேட்டவர்: காரைக்குடி இல்லத்தரசி

இருவருக்கும் என் நன்றி. எல்லாவற்றையும் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். பானகம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டார். ஆனால் இறைச்சி சுட்ட கல்லிலேயே தமக்கும் சுடுவார்களா என்று கேட்கிறார். அதற்கு என்ன சொல்வது?

பதில்: தேவகோட்டையான்

ஆச்சி, சிறிய கடைகளில் பெரும்பாலும் ஒரே கல்தான். கூட்டம் சேரும் முன்பு, மாலை ஐந்து மணிக்கே போய், கல்லைத் துடைத்துவிட்டு முதலில் சுட்டுத் தரும்படி மகனை ஸ்பானிய மொழியில் கேட்கச் சொல்லுங்கள். நான் ஒருமுறை என் ஆத்தாவுக்காக அப்படிக் கேட்டேன். அந்த அம்மையார் ஒரு வார்த்தை பேசாமல் புதிய வாணலியை எடுத்து வைத்தார்.