சிட்னியில் நின்ற குதிரைக்கா இவ்வளவு பெருமை?

லாயக்காரன்:
நேற்று ஒருவர் "பலூபே து ரூவே மாதிரி ஒரு பொலிகுதிரை இனிப் பிறக்காது" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக், தடைதாண்டல் தனிநபர் இறுதிச் சுற்று. முதுகில் பிரேசிலின் ரொட்ரிகோ பெசோவா. தங்கம் எட்டிவிடும் தூரத்தில். தடைக்கு முன்னால் வந்ததும் குதிரை என்ன செய்தது? நின்றது. திருப்பிக் கொண்டுவந்தார், மறுபடி நின்றது. மூன்றாவது தடவையும் நின்றது, ஆட்டம் முடிந்தது. நல்ல குட்டி வேண்டும் என்று இதன் உறைவிந்துக்குத்தான் இத்தனை தவம்!

கடிவாளம்:
அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1998 ஹெல்சின்கி, 1999 கோதன்பர்க், 2000 லாஸ் வேகாஸ். உலகக் கோப்பை இறுதியில் மூன்று வருடம் தொடர்ச்சியாக வெற்றி, அதே வீரர், அதே குதிரை. 2004 ஏதென்ஸில் ஒலிம்பிக் தங்கம். இதெல்லாம் கண்ணில் படவில்லை, ஒரு நாள் நின்றது மட்டும் படுகிறது.

லாயக்காரன்:
ஏதென்ஸில் கழுத்தில் விழுந்தது வெள்ளி. முதலில் வந்த அயர்லாந்துக் குதிரை மருந்துச் சோதனையில் மாட்டியதால், அடுத்த வருடம் தங்கமாக மாறியது. அதை விடுங்கள். சிட்னிக்குப் பதில் சொல்லுங்கள். மூன்று தடவை.

ஆடிச்சந்தை:
இருபது வருடமாக அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகிறவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். இந்தக் குதிரைக்குச் சுழி பார்த்தீர்களா? நெற்றிச் சுழி சரியில்லை என்றால் எத்தனை கோப்பை வாங்கினாலும் எங்கள் ஊரில் பெட்டையிடம் விடமாட்டார்கள்.

உறைவிந்து:
வந்துவிட்டார் சுழிச் சாமியார். போன மாதம் மார்வாரிக் குதிரைகளின் காது பற்றிய விவகாரத்தில் பட்டது போதாதா?

ஆடிச்சந்தை:
காது விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அங்கே பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

உறைவிந்து:
சரி, விஷயத்துக்கு வருகிறேன். தான் தாண்டுவது வேறு, தாண்டும் குட்டியைப் போடுவது வேறு. சாக்கோ புளூ என்ற பொலிகுதிரையைப் பாருங்கள். 1998இல் பிறந்தது, 2012இல் செத்துவிட்டது. பலூபே வாங்கிய மாதிரி ஒலிம்பிக் பதக்கமோ உலகக் கோப்பையோ அதற்குக் கிடையாது. ஆனால் செத்த பிறகுதான் உலகப் பொலிகுதிரைத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது. குட்டி பிறந்து 1.60 மீட்டர் தடையைத் தாண்ட ஒன்பது பத்து வருடம் ஆகும், அதற்குள் அப்பனே போய்விடுகிறான். அந்தத் தரவரிசையும் குட்டிகள் வாங்கும் புள்ளிகளைக் கூட்டிப் போடுவதுதான். ஆயிரம் குட்டி போட்டவனுக்கும் ஐம்பது போட்டவனுக்கும் ஒரே தராசு. பேர்பெற்ற குதிரையிடம் நல்ல பெட்டைகளே வருகின்றன, அதையும் கழிக்க வேண்டும். ஒரு குதிரை சிட்னியில் நின்றதா இல்லையா என்பதை வைத்து என்ன கண்டுபிடிப்பீர்கள்?

லாயக்காரன்:
நின்றதா இல்லையா அல்ல. மூன்று தடவை நின்றது.

கடிவாளம்:
பலூபேயின் மகன் பலூபே தாலோங் ஒரு கோடி யூரோவுக்கு மேல் விலைபோனது என்று அப்போது செய்தி. வாங்கியவன் சிட்னியைப் பார்க்காத முட்டாளா?

லாயக்காரன்:
பணம் இருப்பவன் எதையும் வாங்குவான். நான் புத்தகம் படித்துப் பேசவில்லை. பெல்ஜியத்தில் மூன்று வருடம் சாணி அள்ளியவன். எங்கள் லாயத்தில் பலூபேயின் பேரன் ஒன்று இருந்தது. தடைக்கு அடியில் நீலத் தார்ப்பாய் விரித்தால் போதும், நாலு எட்டுக்கு முன்பே காது இரண்டும் முன்னால் விறைக்கும், முன்னங்கால் மண்ணில் ஊன்றிக்கொள்ளும். மேலே இருந்த பெண் தார்ப்பாய் மேலேயே போய் விழுந்தாள். எனக்கு அன்றைக்கே சிட்னி ஞாபகம்தான் வந்தது.

உறைவிந்து:
அந்தப் பேரனின் தாய் யார்?

லாயக்காரன்:
தாய் எதற்கு இப்போது?

உறைவிந்து:
எதற்கா! தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள். பாதி ரத்தம் அவளுடையது. பலூபேயின் அப்பன் கலூபேயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982 டப்ளின் உலகப் போட்டியில் பிரான்ஸ் அணிக்குத் தங்கம் வாங்கித் தந்தது. அதன் தாய் வீட்டி, வண்டி இழுத்து ஓடும் டிராட்டர் இனம். எந்த நிபுணராவது அதை முன்கூட்டிச் சொல்லியிருப்பாரா?

ஆடிச்சந்தை:
சுழி பார்த்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

கடிவாளம்:
டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய எக்ஸ்ப்ளோஷன் டபிள்யூ குதிரைக்கு அப்பன் சாக்கோ புளூ, தாய் பலூபேயின் மகள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

லாயக்காரன்:
அது சாக்கோ புளூ கணக்கு.

கடிவாளம்:
நின்றால் பலூபே ரத்தம், தாண்டினால் சாக்கோ ரத்தமா? நல்ல நியாயம் ஐயா. கூட்டிக் கழித்துப் பார்த்தால் உங்களுக்குச் சாதகமாகவே வருகிறது.

உறைவிந்து:
அந்த எக்ஸ்ப்ளோஷனும் காயடித்த குதிரை. தங்கம் வாங்கியது, ஆனால் குட்டி போட வழியில்லை. அப்போ அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

லாயக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அப்போதைய விதியில் மூன்று தடவை நின்றால்தான் வெளியே. இப்போது இரண்டே தடவை. இன்றைய விதிப்படி பார்த்தால் உங்கள் பலூபே இன்னும் சீக்கிரம் வெளியே போயிருக்கும்.

கடிவாளம்:
பலூபெட் இல்லை, பலூபே என்று போன வருடம் உங்களுக்குத் திருத்திச் சொன்ன கோபம் இன்னும் தீரவில்லை போல.

லாயக்காரன்:
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சு எனக்குத் தெரியாதா? என்னோடு அள்ளியவர்களில் பாதிப் பேர் பிரெஞ்சு பேசுகிறவர்கள்.

ஆடிச்சந்தை:
யாராவது ஒரு படம் போடுங்கள். நெற்றி தெரிகிற மாதிரி.

கடிவாளம்:
28 வயது வரை இருந்து 2017இல் போய்ச் சேர்ந்த குதிரை. அதற்குமேல் என்ன வேண்டும்? நான் எழுதியது எழுதியதுதான். மாற்றப்போவதில்லை.

லாயக்காரன்:
நானும்தான். மூன்று தடவை.