11 வயது மகளுக்கு முதல் வேட்டைத் துப்பாக்கி: எதை வாங்குவது?

மகளுக்கு 11 வயது, ஒல்லியான உடம்பு. அடுத்த பருவத்தில் என்னோடு பறவை வேட்டைக்கு வரப்போகிறாள். துப்பாக்கி என் பொறுப்பில்தான் இருக்கும், ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான் போட்டுத் தருவேன். சிக்கல் என்னவென்றால், எதைக் கொடுத்தாலும் அவளுக்குப் பொருந்தவில்லை.

முதலில் என் 12 கேஜை (பெரிய தோட்டா போடும் ரவைத் துப்பாக்கி) கொடுத்தது என் முட்டாள்தனம். இரண்டே சுடு, தோள் கன்றிப்போனது. அன்றிலிருந்து விசையைத் தொடும் முன்பே கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். காலித் துப்பாக்கியிலும் அதே கதைதான்.

அப்புறம் நண்பரின் .410 ஒற்றைக்குழல். தோட்டா சின்னது என்றாலும் துப்பாக்கி பஞ்சுபோல லேசாக இருப்பதால் சுருக்கென்று உதைக்கிறது. சுடும் முன் துப்பாக்கியின் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வைக்க அவள் கட்டைவிரலுக்குப் பலம் போதவில்லை, பாதியில் நழுவியது. பயந்துவிட்டேன். .410-இல் ரவையும் குறைவு, பறக்கும் பறவையை விழுத்த அனுபவசாலிக்கே கஷ்டம்.

இரண்டு மாதமாக ஏர் ரைபிளில் பழக்கியதில் கண் மூடுவது பாதி குறைந்திருக்கிறது.

சரி, 20 கேஜ்தான் (12-ஐவிடச் சின்னது, .410-ஐவிடப் பெரியது) என்று முடிவு செய்துவிட்டேன். விசையிலிருந்து தோளில் வைக்கும் கட்டையின் நுனிவரை அவளுக்கு 12 அங்குலம் வேண்டும், என்னுடையது 14. மாஸ்பெர்க் 500 சூப்பர் பாண்டம் பம்ப்பில் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுத்துத் தள்ளும் வகை) அந்த நீளத்தை 12, 13 என்று மாற்றிக்கொள்ளலாம், கைக்கடக்கமான விலை. கேஸ் செமி ஆட்டோ (வெடிக்கும் வாயுவால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) என்றால் உதை மென்மை, ஆனால் பழையதுதான் கட்டுப்படியாகும், கட்டையையும் அறுக்க வேண்டும்.

உதைக்குப் பயந்த பிள்ளைக்கு, இந்த இரண்டில் எதை வாங்குவீர்கள்?