படம் திரும்பினால் கோணம் மாறிப்போகிறது, உதவுங்கள்
வணக்கம், கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். மகள் படிவம் 3 (இடைநிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டு). ஏபிசி முக்கோணத்தில் பி செங்கோணம், ஏபி 6 செ.மீ., பிசி 8 செ.மீ. பி-யிலிருந்து இறக்கிய செங்குத்து, கர்ணத்தை டி-யில் சந்திக்கிறது. ஏபிடி கோணம் எவ்வளவு?

அதுவும் சி கோணமும் சமம். இரண்டில் எது ஏ கோணத்தோடு சேர்ந்தாலும் 90 பாகை. சி கோணத்தின் டான் (tan, எதிர்ப்பக்கம்/அடுத்த பக்கம்) 6/8, ஆக ஏறக்குறைய 36.9 பாகை. சரி, ஏபிசி, ஏபிடி, பிசிடி மூன்று முக்கோணங்களும் வடிவொத்தவை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் சின்ன முக்கோணம் ஏபிடி திரும்பி நிற்பதால் ஏடி/பிடி என்பதைத் தலைகீழாகப் போட்டு 53.1 என்கிறாள். மூன்றையும் ஒரே திசையில் வரையச் சொன்னால், சோதனையில் நேரமில்லையாம்!

டியூஷன் ஆசிரியர்கள் யாராவது, வரையாமலே ஒத்த பக்கங்களைப் பிடிக்க வழி சொல்லுங்களேன். பள்ளியில் மலாயில் நடத்துகிறார்கள். தமிழில் விளக்கினால் எனக்கு வசதி.